உயிரோடு திரும்பிய அரசர்
டோனி பிளேரின் தன்வரலாற்றை முன்வைத்து

மக்கள் மனம் ஒப்பாத போரொன்றுக்குத் துணைநின்ற அரசியல் தலைவர், அதன் பின்னும் தலைவராக நிலைத்திருக்க இயலுமா? இவ்வினாவுக்கு நம் தமிழ் மரபு தரும் விடை கடுமையானது. சிலப்பதிகாரத்துப் பாண்டியன், தான் அளித்த தீர்ப்புப் பிழையென்று தெளிந்த கணத்திலேயே அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர் நீத்தான். ஒரு நாழிகை அவகாசத்தைக்கூட அக்காப்பியம் அரசனுக்கு வழங்கவில்லை. இக்கால மக்களாட்சியோ தலைவரின் உயிரைக் கேட்பதில்லை, பதவியைக் கேட்கிறது, சில வேளைகளில் அதனையும் கேளாமல் விட்டுவிடுகிறது. அவ்வாறு தப்பிய தலைவர் ஓய்ந்திருந்து தம் கதையைத் தாமே எழுதும்போது, அந்த எழுத்தை நாம் எவ்வாறு படிப்பது?

நாம் எடுத்துக்கொள்ளும் நூல், 1997 முதல் 2007 வரை பிரிட்டனின் பிரதமராக இருந்த டோனி பிளேர் எழுதி, 2010 செப்டம்பரில் வெளியான ‘எ ஜர்னி’, அதாவது ‘ஒரு பயணம்’ என்னும் தன்வரலாறு. வட அயர்லாந்து அமைதி உடன்பாடு, இளவரசி டயானாவின் மறைவு, தொழிற்கட்சியைப் புதுப்பித்த வரலாறு எனப் பல பகுதிகள் கொண்ட பெரிய நூல் அது. அவற்றையெல்லாம் கடந்து, ஈராக் போர் பற்றிய அதிகாரங்களையே இங்கு நோக்குகிறோம்.

மறைமாவட்ட இதழொன்றில் இந்நூலுக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். பதவி துறந்து ஏறக்குறைய ஆறு திங்கள் கழிந்த நிலையில், 2007 டிசம்பர் 21 அன்று பிளேர் கத்தோலிக்கத் திருச்சபையில் ஏற்றுக்கொள்ளப்பட்டார். ஆகவே அவர் நமக்கு அந்நியர் அல்லர். நாம் அணுகும் அதே நற்கருணைப் பந்தியை அணுகும் சகோதரர். அவர் ஆதரித்த போரையோ திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் வெளிப்படையாக எதிர்த்தார். 2003 ஜனவரியில் உலக நாடுகளின் தூதர்களிடம் போர் வேண்டாமென்று முறையிட்டார். பிப்ரவரி 22 அன்று வத்திக்கானில் பிளேரையே நேரில் சந்தித்தார். மார்ச் மாதத்தில் கர்தினால் பியோ லாகியை அமெரிக்க அதிபர் புஷ்ஷிடம் தூதனுப்பினார். இவ்விரு செய்திகளையும் ஒருசேர மனத்தில் இருத்தி இந்நூலைப் படிக்கும் கடமை நமக்கு உண்டு. சகோதரர் என்பதால் குறையை மறைக்கவும் கூடாது. போரை வெறுக்கிறோம் என்பதால் மனிதரை வெறுக்கவும் கூடாது.

பதவி தப்பிய விதம்

முதலில் நிகழ்ந்தவற்றை நினைவுகூர்வோம். 2003 பிப்ரவரி 15 அன்று இலண்டன் தெருக்களில் போருக்கு எதிராக அணிவகுத்தவர்கள், காவல்துறைக் கணக்கின்படியே ஏழரை இலட்சம் பேர். ஏற்பாடு செய்தோர் சொன்ன எண்ணிக்கை அதனினும் இரு மடங்குக்கு மேற்பட்டது. மார்ச் 17 அன்று அவை முன்னவராக இருந்த ராபின் குக் அமைச்சரவையிலிருந்து விலகினார். மறுநாள் பொதுமக்கள் அவையில், போருக்குரிய நியாயம் இன்னும் நிலைநாட்டப்படவில்லை என்னும் திருத்தத்துக்குத் தொழிற்கட்சி உறுப்பினர்களே 139 பேர் வாக்களித்தனர். அதாவது கட்சி உறுப்பினருள் மூன்றிலொரு பங்கினர். ஆயினும் அரசின் தீர்மானம் 412 வாக்குகளுக்கு 149 என்ற கணக்கில் நிறைவேறியது. எதிர்க்கட்சியான பழைமைவாதக் கட்சி அரசின் பக்கம் நின்றதே இதற்குக் காரணம். மார்ச் 20 அன்று போர் தொடங்கிற்று.

இந்த இடத்திலேயே நம் வினாவுக்குரிய விடையின் முதற்பகுதி இருக்கிறது. ஒரு தலைவரின் கொள்கையை மக்கள் வெறுப்பதனால் மட்டும் அவர் வீழ்வதில்லை. அவ்வெறுப்பைப் பெற்றுக்கொள்ள இன்னொரு கரம் நீள வேண்டும். 2005 மே 5 அன்று நடந்த பொதுத்தேர்தலில், போரை எதிர்த்த பெரிய கட்சி லிபரல் ஜனநாயகக் கட்சி ஒன்றே. அது 62 இடங்களைப் பெற்றது. ஆட்சி அமைக்கும் வலு அதற்கு இல்லை. ஆட்சி அமைக்கக்கூடிய பழைமைவாதக் கட்சியோ போருக்கு வாக்களித்த கட்சி. ஆகவே போரைத் தண்டிக்க விரும்பியவர்க்கு வாக்குச்சீட்டில் வழி இருக்கவில்லை. பொருளாதாரம் தளராதிருந்ததும் பிளேருக்குத் துணையாயிற்று.

அவர் மூன்றாம் முறையும் வென்றார். 2001-இல் 167 ஆக இருந்த பெரும்பான்மை 66 ஆகக் குறைந்தது. கட்சி பெற்ற வாக்குகள் நூற்றுக்கு 35-ஐச் சற்றே தாண்டின. 1997-இல் ஏறத்தாழ 1 கோடியே 35 இலட்சம் பேர் வாக்களித்த கட்சிக்கு 2005-இல் வாக்களித்தோர் ஏறத்தாழ 95 இலட்சம் பேர். இந்தச் சரிவில் பெரும்பகுதி 2001-இலேயே, அதாவது போருக்கு முன்பே நிகழ்ந்துவிட்டது என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும்.

அத்தேர்தலில் ஒரு காட்சி நம் மனத்தைவிட்டு அகலாதது. பிளேர் போட்டியிட்ட செட்ஜ்ஃபீல்டு தொகுதியில், ஈராக்கில் மகனை இழந்த ஒரு தந்தை அவருக்கு எதிராக நின்றார். பெற்ற வாக்குகள் 4,252. முடிவு அறிவிக்கப்பட்ட மேடையில் அத்தந்தை பேச, வெற்றி பெற்ற பிரதமர் பின்னால் நின்று கேட்டார். எண்ணிக்கையால் அத்தந்தை தோற்றார். ஆனால் அந்த இரவில் யார் பேசினார், யார் பேசாது நின்றார் என்பதை வரலாறு குறித்துக்கொண்டது.

பிற நாடுகளின் நிலையும் ஒன்றுபோல் இல்லை. வியத்நாம் போரில் சிக்குண்ட அமெரிக்க அதிபர் ஜான்சன், 1968 மார்ச் 31 அன்று, மீண்டும் போட்டியிடப் போவதில்லையென அறிவித்து ஒதுங்கினார். ஈராக் போரை ஆதரித்த ஸ்பெயின் பிரதமர் அஸ்னார் தாமே போட்டியிடாத 2004 மார்ச் தேர்தலில், மாட்ரிட் குண்டுவெடிப்புகள் நிகழ்ந்த மூன்றே நாள்களில், அவருடைய கட்சி ஆட்சியை இழந்தது. அதே போருக்குப் படை அனுப்பிய ஆஸ்திரேலியாவின் ஜான் ஹோவர்டோ 2004 அக்டோபரில் கூடுதல் வலிமையோடு வென்றார். ஆகவே பதவியின் கணக்கு, போரின் நீதி அநீதியை ஒட்டி எழுதப்படுவதில்லை. மாற்றுக் கட்சியின் நிலை, பொருளாதாரம், தேர்தல் வரும் காலம் ஆகியவையே அதனைப் பெரிதும் எழுதுகின்றன.

ஆனால் பதவியைவிட மெல்லிய பொருள் ஒன்று உண்டு. அது சொல். ஈராக்கின் பேரழிவு ஆயுதங்களைப் பற்றி 2002 செப்டம்பர் 24 அன்று பிரிட்டன் அரசு வெளியிட்ட ஆவணம், அவற்றுட் சில 45 நிமிடங்களில் ஏவப்படக்கூடியவை என்றது. ஈராக் முழுவதும் தேடிய ஆய்வுக்குழு, அத்தகைய ஆயுதக் குவியல்கள் இல்லையென 2004-இல் அறிவித்தது. அன்றிலிருந்து பிளேரின் சொல்லுக்கு நாணயம் குறைந்தது. 2006 கோடையில் லெபனான் போரின்போது, உடனடிப் போர்நிறுத்தம் கோர அவர் தயங்கியதும் சொந்தக் கட்சியினரே பொறுமை இழந்தனர். ஓராண்டுக்குள் விலகுவதாக அவர் செப்டம்பரில் அறிவிக்க நேர்ந்தது. பதவி தப்பிற்று, சொல் தப்பவில்லை.

நூலின் குரல்

இனி நூலுக்கு வருவோம். பிளேரின் உரைநடை இனிமையானது. தம்மைத் தாமே கேலி செய்துகொள்ளத் தயங்காத, நண்பரோடு உரையாடுவது போன்ற நடை. மாலைவேளையில் மது அருந்தும் பழக்கம் தமக்கு ஊன்றுகோலாகிவந்ததைக்கூட ஒளிக்காமல் எழுதுகிறார். ஆனால் ஈராக் அதிகாரங்களில் குரல் மாறுகிறது. நண்பர் எழுந்து சென்றுவிட, அவருடைய நாற்காலியில் ஒரு வழக்கறிஞர் வந்து அமர்கிறார். பிளேர் சட்டம் பயின்று வழக்குரைத்தவர் என்பதை நாம் அறிவோம். காரணங்கள் வரிசைப்படுகின்றன, மாற்றார் வாதங்கள் ஒவ்வொன்றாக மறுக்கப்படுகின்றன, சதாம் உசேன் அகற்றப்படாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்ற ஊகம் முன்வைக்கப்படுகிறது.

இந்நூலில் நம் கருத்தை ஈர்த்த ஒரு முரண் உண்டு. தம் ஆட்சியில் நிறைவேறிய தகவல் அறியும் சட்டத்தைப் பற்றி எழுதும்போது, தம்மை அறிவிலி என்றும் பொறுப்பற்றவன் என்றும் பொருள்படும் கடுஞ்சொற்களால் பிளேர் தம்மையே வைதுகொள்கிறார். நரி வேட்டைத் தடைச் சட்டத்தைக் குறித்தும் வருந்துகிறார். ஈராக்கிலோ, இறந்தவர்க்காக ஆழ்ந்து துயருறுவதாகவும், பின்விளைந்த கொடுமையின் அளவைத் தாம் எதிர்பார்க்கவில்லையென்றும் எழுதுகிறார். கண்ணீரைப் பற்றியும் எழுதுகிறார். ஆனால் போர் தொடுக்கும் முடிவுக்காக வருந்த இயலாதென்கிறார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பல்லாண்டு அமர்ந்த எந்தக் குருவுக்கும் இது புதிதன்று. சிறு குற்றங்கள் உரத்த குரலில் தாமாகவே வெளிவரும். பெருங்குற்றத்தின் அருகே வரும்போதுதான் விளக்கங்கள் நீளும்.

ஆங்கிலத்தில் துயர் பகிர்வதற்கும் பிழை பொறுக்கக் கேட்பதற்கும் ஒரே சொல் உதவிவிடுகிறது. தமிழ் அந்த வசதியைத் தருவதில்லை. ‘வருந்துகிறேன்’ என்பது வேறு. ‘மன்னியுங்கள்’ என்பது வேறு. ‘நான் பிழை செய்தேன்’ என்பது முற்றிலும் வேறு. நம் ஞானோபதேசம் இன்னும் நுட்பமாகப் பிரித்தது. மனஸ்தாபம், பாவத்தை அறிக்கையிடல், பரிகாரம் என மூன்றையும் தனித்தனியே வேண்டியது. பிளேரின் நூலில் முதலாவது உண்டு; அதனை நடிப்பென்று தள்ள நமக்கு உரிமையில்லை. மூன்றாவதன் சாயலும் உண்டு: நூலால் வரும் பணம் முழுவதையும் பிரிட்டனின் முன்னாள் படைவீரர் சங்கத்துக்கு, காயமுற்றோரின் மறுவாழ்வுப் பணிக்காக அவர் வழங்கினார். அது இரத்தப் பணம் என்று இகழ்ந்தோரோடு நாம் உடன்படவில்லை, கொடை கொடையே. ஆனால் நடுவிலுள்ள இரண்டாவது இல்லை. பெயரிடப்படாத பிழைக்கு வருந்துவதும் பரிகாரம் செய்வதும் கைவிளக்கில்லாமல் இருட்டில் நடப்பதைப் போன்றதே.

யோசபாத்து என்னும் நட்பரசர்

மறைநூலில் இதற்கு ஒப்புமை தேடுவோர் பொதுவாகத் தாவீதையும் நாத்தானையும் நாடுவர். நமக்கோ வேறோர் அரசர் நினைவுக்கு வருகிறார். முதலாம் அரசர் நூலின் 22ஆம் அதிகாரத்தில், இஸ்ரயேல் அரசன் ஆகாபு இராமோத்து-கிலயாதின்மேல் போர் தொடுக்கத் துணிந்து, யூதாவின் அரசர் யோசபாத்தின் துணையை நாடுகிறான். தாமும் ஆகாபும் ஒன்றே, தம் மக்களும் அவன் மக்களும் ஒன்றே என்று யோசபாத்து முதலிலேயே வாக்களித்துவிடுகிறார். அதன் பின்னரே ஆண்டவரின் திருவுளத்தைக் கேட்டறியச் சொல்கிறார். ஏறத்தாழ நானூறு இறைவாக்கினர் ஒரே குரலில் வெற்றி உறுதியென்கின்றனர். யோசபாத்து மனநிறைவடையாமல் இன்னொருவர் உண்டாவென்று வினவ, மீக்காயா அழைக்கப்பட்டு உண்மையை உரைக்கிறார். உண்மையைக் கேட்ட பின்னும் யோசபாத்து போருக்குச் செல்கிறார்.

இந்த வரிசையை நோக்குக: முதலில் வாக்கு, பிறகு விசாரணை. ஈராக் போரை விசாரித்த சில்காட் குழு 2016 ஜூலை 6 அன்று 12 தொகுதிகளில், 26 இலட்சம் சொற்களில் தன் அறிக்கையை அளித்தது. அதனோடு வெளிவந்த ஆவணங்களில், 2002 ஜூலை 28 அன்று பிளேர் புஷ்ஷுக்கு எழுதிய குறிப்பும் ஒன்று. என்ன நேர்ந்தாலும் தாம் உடனிருப்பதாக அதன் தொடக்கத்திலேயே அவர் உறுதியளித்திருந்தார். ஐக்கிய நாடுகள் அவையின் 1441ஆம் தீர்மானம் நிறைவேறியது அதற்குப் பின்னர், நவம்பர் 8 அன்று. அவ்வழியில் புஷ்ஷைச் செலுத்த பிளேர் உண்மையாகவே முயன்றார். யோசபாத்தும் உண்மையாகவே வினவினார். ஆனால் முன்னரே தந்துவிட்ட வாக்கு, பின்னர் கேட்கும் கேள்வியின் பல்லைப் பிடுங்கிவிடுகிறது.

உவமை முழுவதும் பொருந்தாது. எவரையும் ஆகாபு என்று அழைப்பது நம் நோக்கமன்று. எனினும் ஒன்று கவனிக்கத் தக்கது. போர்க்களத்தில் ஆகாபு மாறுவேடம் பூண, அரச உடையில் நின்ற யோசபாத்தைச் சூழ்ந்துகொண்டனர் பகைவர். அவர் கூக்குரலிட்டு உயிர் தப்பினார். பிறருடைய போரில் நட்புக்காக நிற்பவரே அம்புகளுக்கு முதலில் இலக்காகிறார். 2010 செப்டம்பரில் பிளேர் தம் நூலில் ஒப்பமிடச் சென்ற டப்ளின் நகரில் அவர்மீது முட்டைகளும் காலணிகளும் வீசப்பட்டன; இலண்டனில் நடக்கவிருந்த ஒப்பமிடும் நிகழ்ச்சி கைவிடப்பட்டது. 2022-இன் தொடக்கத்தில் அவருக்கு கார்ட்டர் விருது அறிவிக்கப்பட்டபோது, அதனைத் திரும்பப் பெறக் கோரும் விண்ணப்பத்தில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தும் அம்புகள் ஓயவில்லை.

மனச்சான்றின் கடமை

பிளேர் எப்போதும் சார்ந்து நிற்கும் அரண் ஒன்று உண்டு. தாம் சரியென்று நம்பியதையே செய்ததாக அவர் சொல்வார். 2006 மார்ச்சில் தொலைக்காட்சி நேர்காணலொன்றில், இறைநம்பிக்கை உள்ளவர்க்குத் தீர்ப்பளிப்பவர் இறைவனும்தான் என்னும் கருத்துப்படப் பேசினார். இதனைக் கேட்டு எள்ளி நகைத்தோர் பலர். நாம் நகைக்கமாட்டோம். மனச்சான்று மனிதனின் உள்ளறை. அங்கு அவன் தன் கடவுளோடு தனித்திருக்கிறான் என்பது நம் திருச்சபையின் போதனை.

ஆனால் போதனை அத்தோடு நிற்கவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏடு, அறியாமையால் தவறும் மனச்சான்று தன் மாண்பை இழப்பதில்லை என்று கூறிவிட்டு, உண்மையையும் நன்மையையும் தேடுவதில் போதிய அக்கறை கொள்ளாதவனுக்கு இச்சலுகையைப் பொருத்திச் சொல்ல முடியாதென்றும் வரையறுக்கிறது. ஆக, நேர்மையாக நம்பினேன் என்பது பாதி விடையே. நம்புவதற்கு முன் எவ்வளவு தேடினாய் என்பது மறுபாதி.

சில்காட் அறிக்கை தொடுவது துல்லியமாக இந்த மறுபாதியைத்தான். பிளேர் பொய்யுரைத்தார் என்று அது தீர்ப்பளிக்கவில்லை. பிழையான உளவுத் தகவல்களையும் மதிப்பீடுகளையும் அடிப்படையாக வைத்துக் கொள்கை வகுக்கப்பட்டதென்றும், அவை கேள்விக்குட்படுத்தப்படவில்லை, உட்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. ஆயுத அச்சுறுத்தல் பற்றிய கணிப்புகள், ஆதாரம் தாங்காத உறுதியோடு மக்கள்முன் வைக்கப்பட்டன. அமைதி வழிகள் தீர்ந்துபோகும் முன்னரே போர் தொடங்கிற்று. அது இறுதி வழியாக இருக்கவில்லை. போருக்குப் பிந்திய திட்டமிடலோ முற்றிலும் போதாதது. நீதியான போருக்குத் திருச்சபை வகுத்துள்ள நிபந்தனைகளை அறிந்தோர், பிற வழிகளெல்லாம் பயனற்றுப்போயிருக்க வேண்டும் என்பதும், அகற்ற முயலும் தீமையினும் பெருந்தீமை விளையக்கூடாதென்பதும் அவற்றுள் அடங்கும் என்பதை நினைவுகூர்வர். சமயச் சார்பற்ற ஐவர் குழு ஏறக்குறைய அதே கேள்விகளைக் கேட்டு, அதே இடத்தில் வந்து நின்றதை வியப்போடு காண்கிறோம்.

அறிக்கை வெளியான அன்று பிளேர் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் செய்தியாளரிடம் பேசினார். பிறர் அறியவும் நம்பவும் இயலாத அளவுக்குத் தமக்குத் துயரமும் வருத்தமும் உண்டென்றார். மன்னிப்பு என்னும் சொல்லையும் பயன்படுத்தினார். ஆயினும் அதே நிலையில் மீண்டும் நிறுத்தப்பட்டால் அதே முடிவையே எடுப்பேன் என்றார். ஆறாண்டுகளுக்கு முன் எழுதிய நூலின் குரல், தழுதழுத்த தொண்டையோடு அங்கு மீண்டும் ஒலித்தது. சொற்கள் இளகின, வாதம் இளகவில்லை.

அந்த வாதத்தை அளக்கும் எடைக்கற்கள் நூலுக்கு வெளியே கிடக்கின்றன. ஈராக்கில் மாண்ட பிரிட்டானியப் படையினர் 179 பேர். 2009 ஜூலைக்குள் மாண்ட ஈராக்கியர் குறைந்தது 150,000 பேர், பெரும்பாலோர் பொதுமக்கள் என்கிறது சில்காட் அறிக்கை. வீடிழந்து இடம்பெயர்ந்தோர் பத்து இலட்சத்துக்கு மேல். தொன்மையான ஈராக்கியத் திருச்சபையும் சிதறியது. மோசூலின் கல்தேயப் பேராயர் பவுலோஸ் ஃபராஜ் ராகோ 2008 பிப்ரவரி 29 அன்று கடத்தப்பட்டு, இரு வாரங்களில் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டார். பிளேரின் நூல் வெளியாகி இரு திங்களுக்குள், 2010 அக்டோபர் 31 அன்று, பாக்தாத்தின் மீட்பின் அன்னை ஆலயத்தில் ஞாயிறு திருப்பலியின்போது ஐம்பதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர்; இளங்குருக்கள் இருவரும் அவர்களுள் அடங்குவர். சதாமின் கொடுங்கோன்மையை நாம் மறக்கவில்லை. அதனால் துன்புற்றோர் எண்ணற்றோர். இக்கொலைகளைச் செய்த கைகளும் பிளேருடையவை அல்ல. ஆனால் கதவை உடைத்தவர், உள்ளே நுழைந்த கள்வருக்குத் தாம் பொறுப்பல்லவென்று சொல்லிக் கடந்துவிட முடியுமா?

திரும்பிய பின்

யோசபாத்தின் கதை போர்க்களத்தோடு முடியவில்லை. இரண்டாம் குறிப்பேடு 19ஆம் அதிகாரம், அவர் நலமாக எருசலேமுக்குத் திரும்பியதைச் சொல்கிறது. திரும்பும் வழியில் அனானியின் மகன் ஏகூ எதிர்கொண்டு, தகாத துணைக்காக அவரைக் கடிந்துரைக்கிறார். அதே மூச்சில் அவரிடம் நன்மையும் உண்டென்கிறார். நல்ல திறனாய்வின் இலக்கணமே அதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. அரசர் மறுமொழி கூறியதாக மறைநூல் சொல்லவில்லை, விளக்கவுரையும் எழுதவில்லை. நகர்தோறும் நீதிபதிகளை ஏற்படுத்தி, தீர்ப்பளிக்கும்போது ஆண்டவருக்கு அஞ்சி நடக்குமாறு அவர்களுக்குக் கட்டளையிட்டார்.

பிரிட்டனில் அத்தகைய பணியைச் செய்தவர் பதவி துறந்தவரே என்பது வரலாற்றின் விந்தை. ராபின் குக் 2005 ஆகஸ்டில் காலமானார். போரைத் தடுக்க இயலாமற் போனாலும், போரைப் பற்றி முடிவு செய்யும் உரிமையை நாடாளுமன்றத்துக்குப் பெற்றுத் தந்தேன் என்னும் கருத்து அவருடைய கல்லறைக் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. 2013 ஆகஸ்ட் 29 அன்று, சிரியாவின்மீது படை நடவடிக்கை எடுக்க அனுமதி கோரிய பிரதமர் கேமரனை அதே அவை 285-க்கு 272 என்ற கணக்கில் மறுத்தது. ஈராக்கின் நிழல் அவ்வாக்கெடுப்பின்மேல் படிந்திருந்ததை மறுப்போர் இல்லை.

ஆகவே தலைவர் நிலைத்திருக்க இயலும். பிளேரே அதற்குச் சான்று. எதிரணி பலமிழந்திருந்தால், காலம் துணைபுரிந்தால், மூன்றாம் முறையும் வெல்லலாம்; விருதும் பெறலாம்; நல்ல நூலும் எழுதலாம். ‘ஒரு பயணம்’ படிக்கத் தக்க நூலே. அரசியலில் ஈடுபட விழையும் நம் இளைஞர் அதனையும், சில்காட் அறிக்கையின் சுருக்கத் தொகுதியையும் அருகருகே வைத்துப் படிக்கட்டும். ஒன்றில் நம்பிக்கையின் வலிமையைக் காண்பர்; மற்றொன்றில், கேட்கப்படாத கேள்விகளின் விலையைக் காண்பர். பிளேர் இன்றும் நம்மிடையே வாழ்கிறார். நூலின் அடுத்த பதிப்பொன்றில் அந்த நடுச்சொல்லை எழுத அவருக்கு இன்னும் காலம் உண்டு. அதனை அவர் எழுதினால் பதவியோ விருதோ கூடப்போவதில்லை. செட்ஜ்ஃபீல்டு மேடையில் பேசிய அத்தந்தைக்கும், பாக்தாத்தின் தாயருக்கும் ஒரு விடை கிடைக்கும்.